மூன்று-பதினேழு

மூன்றாம் மாடியில் பதினேழாம் அறைக் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு, தாவூத் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது.

பெரிய விளக்கு ஒன்றுமில்லை. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். பூட்டிக்கிடக்கும் அறைக்குள் புகை புகுந்தால், கூரையில் இருக்கும் டிடெக்டர் அதை மோப்பம் பிடித்து, வெளியே கதவுக்கு மேலே இந்த விளக்கை ஏற்றிவிடும். எந்த அறையில் நெருப்பு என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பதினோரு வருஷமாக இதே வேலைதான் தாவூதுக்கு. நீளக் கழியின் நுனியில் ஸ்ப்ரே டப்பாவைச் செருகி டிடெக்டருக்குக் கொஞ்சம் பொய்ப்புகை காட்டுவான், பத்து வரை எண்ணுவான், விளக்கு எரியும். அவன் காட்டினால்தான் எரியும். இன்றைக்கு இந்த மாடியில் அவன் டப்பாவின் மூடியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. கீழ்த்தளத்தில் அலாரம் பேனலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கந்தசாமியின் குரல். எந்த டிடெக்டர் வேலை செய்கிறது என்று பேனலில் பார்த்துச் சொல்லி, உடனே அதை ரிசெட் செய்து அணைப்பது அவர் வேலை.

"மூணு-பதினேழு வந்துச்சு பாய். ரிசெட் போட்டுட்டேன். இன்னா, மூணாவது மாடி ஆரம்பிச்சிட்டியா?"

விளக்கு அணைந்தது. தாவூத் கதவைப் பார்த்தான். கொண்டியில் பெரிய பூட்டு. பூட்டின்மேல் கால் சென்டர் கம்பெனியின் முத்திரை குத்திய காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் கம்பெனி நேற்று சனிக்கிழமைதான் இந்த மாடியைக் காலி செய்துகொண்டு போனது. சில மெஷின்களை மட்டும் இந்த ஓர் அறையில் போட்டுப் பூட்டி, சாவியை மும்பைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று காலையிலேயே வாட்ச்மேன் சொல்லியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து தாவூதுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் இது சாதாரண ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பரீட்சை. ஆறு மாதம் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், எழுத்துப் பரீட்சையும் தேறி, மிச்சம் இருப்பது இந்தச் செய்முறை மட்டும். ஒரு முழுக் கட்டிடத்தைத் தன் கையால் சோதித்து, எண்பத்து நான்கு டிடெக்டருக்கும் எண்பத்து நான்கு கட்டத்தில் டிக் போட்டு, எந்த டிடெக்டர் எப்போது வந்தது என்று பேனல் அச்சடித்துத் துப்பும் காகிதச் சுருளையும் ஒட்டிக் கொடுக்க வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குப் பரீட்சை அதிகாரி வெங்கடேஸ்வரன் வந்து, ஸ்கேலை வைத்துச் சுருளின் ஒவ்வொரு வரியையும் படிவத்தோடு ஒப்பிடுவார். ஒன்று விட்டுப்போனாலும் ரிப்போர்ட் திரும்பி வரும். போன வருஷம் இவரிடம் கொடுத்த ஒரு ரிப்போர்ட்டில் தாவூத் இரண்டு டிடெக்டருக்குச் சோதிக்காமலேயே டிக் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவன். வெங்கடேஸ்வரன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்கேலை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் அவன் முதுகில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து சர்டிஃபிகேட் இல்லாத ஆளை எந்தக் கட்டிடத்துக்கும் அனுப்பமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லியாயிற்று. மறுபடி கேபிள் இழுக்கிற கூட்டத்தோடு போய் ஏணியில் தொங்கலாம். வலது தோளைத் தலைக்குமேல் தூக்கமுடியாதவனுக்கு அது வேலை போனதற்குச் சமம்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில், திறக்கவே வழியில்லாத அறையின் டிடெக்டர் தானாக வந்து 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று பேனலில் பதிந்துவிட்டுப் போகிறது. யாருக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம்?

"பாய்? லைன்ல கீறியா?"

தாவூத் பொத்தானை அழுத்தினான்.

"ஆமாண்ணே. ஆரம்பிச்சுட்டேன். படிக்கட்டுப் பக்கம் இதுதான் மொதல்ல."

படிவத்தை எடுத்தான். மூன்று-பதினேழுக்கு நேரே டிக் போட்டான். நேரம், பன்னிரண்டு நாற்பத்தேழு. பேனா மை கொஞ்சம் கனமாக இறங்கிவிட்டது.

அப்புறம்தான் வாசனை வந்தது. டப்பாப் புகைக்கு லேசான தித்திப்பு வாடை உண்டு, அது அவன் சட்டையிலேயே எப்போதும் இருக்கும். இது அது இல்லை. காகிதம் எரிந்த வாடை, அதற்கு அடியில் ரப்பரும் துணியும் சேர்ந்து கருகினாற்போல் இன்னொன்று. மூக்கை உறிஞ்சினான், போய்விட்டது. இந்த ஹடப்சர் வட்டாரத்தில் எந்த மூலையில் யார் குப்பை கொளுத்தினாலும் இப்படித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தான்.

காலி மாடி. போன வாரம்வரை இருநூறு பேர் காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசிய ஹாலில் இப்போது மேசைகள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகத் தூசியில்லாத தரை, சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கள், யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு. ஏசி இல்லை. ஜூலை மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது, பகல் ஒரு மணிக்கே உள்ளே அந்தி மாதிரி இருந்தது, சோலாப்பூர் ரோட்டில் போகும் பஸ்களின் இரைச்சல் மழைக்குள் அமுங்கி வந்தது. இவை எல்லாவற்றுக்கும் கீழே, கட்டிடத்தின் எலும்புக்குள் எங்கோ, ஏதோ ஒன்று உரசிவிட்டு நிற்பதும் மறுபடி உரசுவதுமாக இருந்தது.

மூன்று-பதினெட்டு. கழியைத் தூக்கினான், தோள் சுளீர் என்றது. ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணு-பதினெட்டு வந்துச்சு," என்றார் கந்தசாமி. ஒரு நொடி விட்டு, "பதினேழும் மறுபடி வந்துச்சு பாய்."

தாவூத் நடைபாதையில் தலையை நீட்டிப் பார்த்தான். கடைசியில், பூட்டிய கதவுக்கு மேலே, சிவப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

"டிரிஃப்ட்டா இருக்கும்ணே. நம்ம பொகை கதவுக்கு அடியில போகுது."

"அப்ப டேப் போடு. சுருள்ல இதே நம்பர் ரொப்பிக்கினே போனா உன் ஆபீசர் கேப்பாரு."

தொழிலில் இது எல்லோரும் செய்கிற காரியம்தான். ஓர் அறையைச் சோதிக்கும்போது புகை பக்கத்து அறைக்குள் கசிந்து அங்கே இருக்கும் டிடெக்டரையும் கிளப்பிவிடும், கணக்கு குழம்பும். அதனால் பக்கத்துக் கதவின் அடி இடுக்கில் பிரவுன் டேப்பை ஒட்டிவிடுவார்கள், பாதி கதவில், பாதி தரையில். வேலை முடிந்ததும் உரித்துக்கொள்ளலாம். ஆனால் தாவூத் உடனே போகவில்லை. மூன்று-பத்தொன்பது, இருபது என்று எதிர்ப்பக்கமாகவே போனான். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போகாமலிருக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்றிருந்தது.

சாக்கு நீடிக்கவில்லை. மணி ஒன்று ஒன்பதுக்குக் கந்தசாமி கூப்பிட்டார். ஒன்று இருபதுக்கு மறுபடி கூப்பிட்டார்.

"ரிசெட் போட்டுப் போட்டு வெரலு தேஞ்சிபோச்சு பாய். அந்த எழவை இன்னான்னு பாரு."

இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு பதினேழின் வாசலுக்குப் போனான். அது கால் சென்டர்க்காரர்கள் வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்த அறை. வெளிச்சத்தம் உள்ளே போகாமலும், உள்சத்தம் வெளியே வராமலும் இருக்க, சுவர் முழுக்க ஃபோம் வைத்துத் துணி அடித்திருந்தார்கள். கதவும் அப்படித்தான், மெத்தை மாதிரி தடிமன். தச்சன் அளவெடுத்ததில் கோளாறு, அடியில் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு இடுக்கு.

முழங்காலிட்டுக் குனிந்தான்.

இடுக்கிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று. வந்தது, நின்றது. வந்தது, நின்றது.

தாவூதின் கழுத்து முடி சிலிர்த்துக்கொண்டது. ஏசி இல்லாத அறையில் காற்று ஏது? வெளியே மழையின் குளிர், உள்ளே புழுக்கம், அதனால் காற்று இழுக்கும் என்று படித்த மூளை சொன்னது. படிக்காத உடம்பு அதைக் கேட்கவில்லை. உள்ளே மிக அருகில், தரையோடு தரையாக, ஏதோ நகர்ந்தது. துணி தரையில் இழுபடுகிற ஓசை. அதற்குப் பிறகு தொண்டை கட்டிய பூனை சீறினால் எப்படி இருக்குமோ அப்படி, ஒலியே இல்லாத ஒரு சீறல்.

கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தட்டினால் உள்ளேயிருந்து பதில் வந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. பூட்டி முத்திரை வைத்த அறையிலிருந்து பதில் வந்தால் என்ன செய்வது? யாரிடம் போய்ச் சொல்வது? தட்டாதவரைக்கும் அது டிரிஃப்ட். தட்டிவிட்டால் அது வேறொன்று. அவன் கோழை என்று யாரும் சொன்னதில்லை, எட்டு மாடிச் சாரத்தில் கயிறு இல்லாமல் நின்றவன். ஆனால் அந்த நிமிஷத்தில் பயந்துபோனான். பேய் பிசாசு அண்டாமலிருக்க ஓதும் ஆயத்துல் குர்ஸியை மனதுக்குள் ஓத ஆரம்பித்து, நடுவில் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஓதினான். கை பாட்டுக்கு டேப்பை இழுத்தது.

ஒரு நீளம் ஒட்டினான். அதன்மேல் இன்னொன்று. கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்து, மூன்றாவதையும் ஒட்டினான். வெதுவெதுப்பு நின்றது. சீறல் நின்றது.

எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

மூன்று மணிக்கு மாடியை முடித்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினான். கேட் பக்கம் தகரக் கூரைக்கடியில் வாட்ச்மேனோடு ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தான், சைக்கிளைப் பிடித்தபடி, நனைந்த தலையோடு. மராட்டியில் பேச்சு, தாவூதுக்கு முக்கால்வாசி புரியும். என் வீட்டுக்காரி மங்கல் நேற்று மூன்றாம் மாடியில் கடைசி நாள் பெருக்கித் துடைக்கிற வேலை என்று வந்தாள், ராத்திரி வீட்டுக்கு வரவில்லை, அவள் அக்கா வீட்டிலும் இல்லை என்றான் அந்த ஆள். வாட்ச்மேன் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினான். எட்டு மணிக்கு எல்லோரும் வெளியே போனதாகச் சூப்பர்வைசர் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான், இதோ, ஏழு பேர். மேலே பூட்டி சீல் வைத்தாயிற்று, ஈ எறும்பு கிடையாது, போலீசில் போய்க் கேள் என்றான்.

அந்த ஆள் போகவில்லை. மழையில் இறங்கி நின்று கட்டிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தாவூத் இதையெல்லாம் கேட்டான். கேட்டான் என்றுதான் சொல்ல வேண்டும், காது கேட்டது. மனம் நாலாம் மாடியின் இருபத்திரண்டு டிடெக்டரை எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மொபைல் அடித்தது. போபோடியில் இருக்கும் வீட்டிலிருந்து ஹசீனா. பத்தாவதோடு நிறுத்திவிட்ட அவனுக்கு ஆறு மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்லிக்கொடுத்து, கேள்வி கேட்டு, பரீட்சை எழுத வைத்தவள் அவன் மனைவிதான்.

"ஏங்க, எத்தனை ஆச்சு?"

"அறுபத்திரெண்டு. இன்னும் ஒரு மாடிதான்."

"அந்தப் பூட்டுன ரூமு?"

"அதுவும் ஆயிருச்சு."

"சாவி வந்துருச்சா?"

"ஆயிருச்சுன்னேன்ல."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷ மாதிரி பொய் டிக் எதுவும் போடலல்ல?"

"சுருள்ல பேரு விழுந்துருக்கு ஹசீனா. அது பொய் சொல்லுமா?" என்று எரிந்துவிழுந்தான். வைத்த பிறகு ஏன் அப்படிக் கத்தினோம் என்று கஷ்டமாக இருந்தது.

பேனல் அறையைத் தாண்டி மாடிப்படி. உள்ளே எட்டிப் பார்த்தான். கந்தசாமி எட்டாய் மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். காலையில் முதல் காரியமாகவே, அபாயம் என்றால் ஊளையிடும் ஹூட்டர்களைத் துண்டித்துவிட்டிருந்தார்கள், கீழே ஞாயிறன்றும் திறக்கும் ஃபர்னிச்சர் கடைக்காரன் சத்தம் போடுவான் என்று. அதனால் பேனலில் எது வந்தாலும் ஒரு மெல்லிய கீச்சு மட்டும்தான், அதையும் கந்தசாமியின் விரல் உடனே அடக்கிவிடும்.

கீச்.

"உன் மூணு-பதினேழு," என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். "டேப் போட்டியா இல்லியா?"

"போட்டேண்ணே. டிடெக்டரே கெட்டுப்போயிருக்கும். பழசு."

"அப்ப டிக் எப்பிடிப் போட்ட?"

தாவூத் படியேறினான்.

நாலாம் மாடியும் காலிதான், ஆறு மாதமாக ஆள் வராத காலி. ஜன்னல் ஒன்று சரியாகச் சாத்தாமல் மழை உள்ளே வந்து தரையில் குட்டை கட்டியிருந்தது. புறா எச்சத்தின் நெடி. அவன் வேகவேகமாக முடித்தான். கழி, பத்து, வந்துச்சு, டிக். கழி, பத்து, வந்துச்சு, டிக். ஒவ்வொரு டிக்குக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நாளை வெங்கடேஸ்வரனின் ஸ்கேல் கீழேவரை தடுக்காமல் இறங்குவதை நினைத்துப் பார்த்தான். சர்டிஃபிகேட்டை ஹசீனா கண்ணாடி போட்டு மாட்டுவாள். மாட்டட்டும்.

இடையிடையே கந்தசாமியின் குரல். பதினேழு. பதினேழு பாய். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி வர்து பாய்.

மூன்றே முக்காலுக்கு நாலு-பதினேழுக்கு வந்தான். பூட்டிய மூன்று-பதினேழு இந்த அறைக்கு நேர் கீழே இருக்கிறது என்பது உள்ளே கால் வைத்த பிறகுதான் உறைத்தது. கழியைத் தூக்கினான். ஒன்று. இரண்டு.

காலுக்கடியில் தட்டினார்கள்.

தாவூத் அசையாமல் நின்றான். செருப்பின் அடித்தோல் வழியாக வந்தது அந்த அதிர்வு, சத்தமாக இல்லை, உள்ளங்காலில் யாரோ விரலால் சுண்டுவதுபோல. மூன்று தடவை. நிறுத்தம். மூன்று தடவை.

மழைத்தண்ணீர்க் குழாயாக இருக்கும்.

மூன்று தடவை.

குழாய் எண்ணுமா?

கழி சாய்ந்தது. டப்பா டிடெக்டரில் இடித்துக் கடகடத்தது. கீழே தட்டுவது நின்றது. அவன் சத்தம் கேட்டுத்தான் நின்றது. கேட்டிருக்கிறது. மேலே ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. அடுத்து வந்தது நிறுத்தமே இல்லாமல், கணக்கில்லாமல், தட், தட், தட், தட், தட், ஒரே இடத்தில், அவன் நிற்கும் அதே இடத்துக்கு நேர் கீழே.

ஓடினான். நடைபாதையின் கடைசிவரை ஓடி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். வியர்வை. ஓதினான். நடுவில் மறந்தது. முதலிலிருந்து ஓதினான்.

"நாலு-பதினேழு வந்துச்சு," என்றது வாக்கிடாக்கி. "பாய்? இன்னா மூச்சு வாங்கற?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஏறி எறங்குனதுல டயர்டு. ஒக்காந்து செய்."

அவன் உட்காரவில்லை. மிச்சம் ஐந்து டிடெக்டரை எப்படி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். நாலே கால் தாண்டியபோது தரை அமைதியாகிவிட்டது. நாலரைக்குக் கந்தசாமி கூப்பிட்டு, "உன் மூணு-பதினேழு நின்னுபோச்சு பாய். சனியன் வுட்டுது," என்றார். தாவூதுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

ஐந்தரைக்குப் பேனல் அறையில் உட்கார்ந்தான். எண்பத்து நான்கு கட்டம், எண்பத்து நான்கு டிக். கடைசிப் பக்கத்தின் அடியில், 'மேற்கண்ட ஒவ்வொரு கருவியையும் என் கையால் சோதித்தேன்' என்று அச்சிட்ட வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். கந்தசாமி டிபன் பாத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சுருளை ஒட்டிட்டுக் கெளம்பு பாய். மழை வலுக்குது, கட்கில வூட்டுக்குப் போய்ச் சேரவே ஏழாவும் எனக்கு."

தாவூத் பேனலிலிருந்து சுருளைக் கிழித்தான். எதிர்பார்த்ததைவிட நீளமாக வந்தது. மடியிலிருந்து வழிந்து தரையில் போய்ச் சுருண்டது. பசைக்குச்சியை எடுத்துக்கொண்டு முதல் துண்டை ஒட்டத் தொடங்கியவன், வழக்கமாக வெங்கடேஸ்வரன் செய்வதுபோல ஸ்கேலை வைத்து ஒரு வரி ஒரு வரியாக இறங்கினான்.

மூன்று-பதினேழு, பன்னிரண்டு நாற்பத்தேழு. மூன்று-பதினேழு, பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ஒன்று ஒன்பது. ஒன்று இருபது.

பதினொரு நிமிஷம். பதினொரு நிமிஷம். பதினொரு நிமிஷம்.

அவன் கை நின்றது. கெட்டுப்போன டிடெக்டர் எத்தனையோ பார்த்திருக்கிறான். அது பைத்தியக்காரனைப்போல இஷ்டத்துக்கு வரும், ஒரு மணி நேரம் சும்மா இருக்கும், ஒரு நிமிஷத்தில் ஆறு தடவை வரும். கெட்டுப்போன டிடெக்டருக்குப் பொறுமை கிடையாது. இது பொறுமையாக வந்திருக்கிறது. வந்து, காத்திருந்து, புகை அடங்கிய பிறகு மறுபடி வந்திருக்கிறது. கையில் இருக்கும் காகிதத்தையும் தீக்குச்சியையும் எண்ணிச் செலவழிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஸ்கேல் இறங்கியது. அவன் டேப் ஒட்டிய நேரத்துக்குப் பிறகு ஏழு நிமிஷம். ஐந்து. நான்கு. மூன்றரை மணிக்குமேல் இரண்டு, இரண்டு, இரண்டு, ரிசெட் செய்தவுடன் மறுபடி, காகிதம் அல்ல, சுவரே புகைகிறது. நாலு இருபத்தாறு. அதற்குப் பிறகு இல்லை.

உள்ளே கூரையில் இருக்கும் டிடெக்டரிலும் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. புகை பட்டால் எரியும். கீழே ரிசெட் போட்டால் அணையும். கந்தசாமியின் விரல் ஒவ்வொரு தடவை அமுக்கியபோதும் அது உள்ளே அணைந்திருக்கும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்திருக்கும், யாரோ பார்த்துவிட்டார்கள், கட்டிடத்தில் ஆள் இருக்கிறது, இதோ வந்துவிடுவார்கள் என்று.

ராத்திரி முழுக்கக் கத்திக் குரல் போயிருக்கும், சீறல் மட்டும் மிச்சம். கடைசியில் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டியிருப்பாள்.

"இன்னா பாய், மூஞ்சி இப்பிடிப் போச்சு?"

தாவூத் எழுந்தான். சுருள் காலில் சிக்கிக் கிழிந்தது. கந்தசாமி பின்னால் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

முதல் மாடி. இரண்டாம் மாடி. தோள் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. பாதி வழியில் ஒரு யோசனை வந்தது, வந்ததற்காகவே அவன் தன்னை வெறுத்தான். திரும்பிப் போய்விடலாம். கிழிந்த சுருளை ஒட்டிக்கொள்ளலாம். படிவம் சரியாக இருக்கிறது. நாளைக்குச் சர்டிஃபிகேட். அறையைத் திறப்பவர்கள் மும்பையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். அவன் டேப்பை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு போனால் போதும்.

டேப்பை எப்படியும் உரிக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் மாடி நடைபாதை இருட்டிவிட்டிருந்தது. பதினேழுக்கு மேலே விளக்கு எரியவில்லை. இத்தனை நேரம் அந்தச் சிவப்பைக் கண்டு பயந்தவன், இப்போது அது ஒரு தடவை எரியாதா என்று பார்த்தான். வாடை நடைபாதை முழுக்கக் கனமாக நின்றது. ரப்பர். துணி. முடி.

கதவைத் தட்டினான். முதல் தடவையாக.

மெத்தைக் கதவு சத்தத்தை விழுங்கிக்கொண்டது. மறுபடி தட்டினான். இரண்டு கையாலும் அடித்தான். "மங்கல்," என்றான். மராட்டியில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. "மங்கல் தாயி. வந்துட்டேன். ஆள் வந்துருக்கேன்."

எதுவும் இல்லை.

முழங்காலிட்டான். மொபைலை எடுத்து அதன் நீல வெளிச்சத்தைத் தரையோரம் பிடித்தான். அவன் ஒட்டிய டேப் ஓரம் கொஞ்சமும் விடாமல் இருந்தது. நல்ல டேப், மூன்று அடுக்கு. ஆனால் அவன் ஒட்டியபோது தட்டையாக இருந்தது. இப்போது நடுவில் ஓரிடத்தில் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. நான்கு சின்னப் புடைப்புகள், பக்கத்தில் பக்கத்தில்.

ஓரத்தை நகத்தால் கிளப்பினான். வரவில்லை. மறுபடி கிளப்பினான். வந்தது. கரகரவென்று உரித்துக்கொண்டே போனான், தரையிலிருந்து, கதவிலிருந்து. இடுக்கிலிருந்து கறுப்பாக ஒரு வெப்பம் முகத்தில் அடித்தது. புடைப்புகள் இருந்த இடத்துக்கு வந்ததும் டேப் வராமல் பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் பலமாக இழுத்தான்.

டேப்போடு ஒட்டிக்கொண்டு நான்கு விரல் நுனிகள் இடுக்கிலிருந்து வெளியே வந்தன. கரி படிந்தவை. நகங்கள் தேய்ந்தவை. டேப் உயர உயர அவையும் கூடவே உயர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக விடுபட்டு, ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து, அசையாமல் கிடந்தன.